நடனக்கூடத்தின் நுழைவுச்சீட்டு

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், லெனாக்ஸ் அவென்யூவில், 140, 141-ஆவது தெருக்களுக்கு இடையே 1926-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 'சவாய்' என்னும் நடனக்கூடம் திறக்கப்பட்டது. இரு தெருக்களுக்கு இடைப்பட்ட நீளம் முழுவதையும் அடைத்து நின்ற மாடிக்கூடம் அது. உள்ளே இரண்டு இசைமேடைகள். ஒரு குழு வாசித்து முடித்ததும் மற்றொரு குழு தொடங்கிவிடும். இசைக்கு இடைவேளை கிடையாது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடுவது அன்றைய அமெரிக்காவில் அபூர்வம். சவாயில் அது அன்றாடக் காட்சி. இன்று உலகெங்கும் 'ஸ்விங்' நடனம் என்ற பெயரில் கற்பிக்கப்படும் வகைகளில் முதன்மையான 'லிண்டி ஹாப்' வளர்ந்து செழித்தது அந்தத் தளத்தின் மீதுதான். இருவர் கைகோத்து, ஜாஸ் இசையின் துள்ளலுக்கேற்ப, கற்ற அடவுகள் பாதியும் அந்தக் கணத்தில் தோன்றுபவை பாதியுமாக ஆடும் ஆட்டம் அது.

பொருளியல் பயிற்றுவித்தே பணிக்காலத்தைக் கழித்த எனக்கு, அந்தக் கூடத்தின் நடனத்தைக் காட்டிலும் அதன் கட்டணப் பட்டியல்தான் முதலில் வியப்பளித்தது. அடிப்படைக் கட்டணம் 30 சென்ட். மாலை 6 மணிக்குமேல் வந்தால் 60 சென்ட். 8 மணிக்குமேல் 85 சென்ட். உள்ளே சென்றபின் வேறுபாடு இல்லை. 30 சென்ட் கொடுத்தவரும் 85 சென்ட் கொடுத்தவரும் ஒரே மரத்தளத்தில்தான் ஆடினர்.

ஒரே பொருளை வெவ்வேறு வாங்குவோருக்கு வெவ்வேறு விலையில் விற்பதைப் பாடநூல்கள் 'விலைபேதம்' என்று குறிப்பிடும். வகுப்பறையில் இந்தச் சொல்லைக் கேட்டதும் மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். ஏதோ மோசடி என்று எண்ணுவார்கள். ஆனால், சவாயின் வாசலில் நடந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். உன் வருமானம் எவ்வளவு என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை. கையில் காசு குறைந்தவர் முன்னதாக வந்தார்; காசு இருந்தவர் தமக்கு வசதியான நேரத்தில் வந்து கூடுதலாகக் கொடுத்தார். கேள்வி கேட்க வேண்டிய வேலையைக் கடிகாரம் செய்தது.

அந்தக் கட்டணமும் அற்பத் தொகை அன்று. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1938-ஆம் ஆண்டில் முதன்முதலாக நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 25 சென்ட். ஆக, மிகக் குறைந்த கட்டணமே ஒரு மணி நேரக் கூலியை விஞ்சியது. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பும் எல்லாருக்கும் கிட்டவில்லை. வீட்டு வேலை செய்வோர் 1974 வரை அதற்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். ஹார்லெமின் பெண்களில் பலர் செய்தது அந்த வேலைதான். அவர்களுக்கு வாரத்தில் ஓய்வு கிடைத்தது பெரும்பாலும் வியாழக்கிழமை. எனவே வியாழன் இரவுக்குச் சவாயில் 'சமையலறை மெக்கானிக்குகளின் இரவு' என்றே பெயர் விழுந்தது. 6 மணிக்கு முன் வர முடியாதவருக்கு 30 சென்ட் கட்டணத்தால் என்ன பயன் என்ற கேள்விக்கு, முழுமையாக இல்லாவிட்டாலும், அந்த வியாழக்கிழமை ஒரு விடையாக இருந்தது.

இன்றைய நிலைக்கு வருவதற்குமுன் இன்னொரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். சவாயின் பொற்காலத்தில் பணம் கொடுத்தது உள்ளே நுழைவதற்கே அன்றி, கற்றுக்கொள்வதற்கு அன்று. கற்றல் தெருவிலேயே கிடைத்தது. பின்னாளில் புகழ்பெற்ற நார்மா மில்லர், சவாயின் பின்புறக் குடியிருப்பில் வளர்ந்தவர். தீவிபத்துக் காலத்தில் இறங்குவதற்கென அமைத்த இரும்புப் படிக்கட்டில் அமர்ந்து, கூடத்தின் சன்னல் வழியே தெரிந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர். பிராங்கி மேனிங், ஒரு கூடத்திலிருந்து அடுத்த கூடத்துக்கு என்று படிப்படியாக ஏறி, சிறந்த ஆட்டக்காரர்கள் கூடும் சவாயை அடைந்தவர். அத்தை மகனோ, அடுத்த வீட்டுப் பெண்ணோ, தெருமுனை நண்பனோ ஆசிரியராக இருந்த காலம் அது.

1958-இல் சவாய் மூடப்பட்டது. அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. ஆட்டமும் மெல்ல மறைந்தது. மேனிங் அஞ்சல் துறையில் வேலைக்குச் சேர்ந்து சுமார் 30 ஆண்டுகள் பணியாற்றினார். 1980-களில் அமெரிக்காவிலும் ஸ்வீடனிலும் பழைய திரைப்படங்களைப் பார்த்து வியந்த இளைஞர்கள் சிலர் அவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். அதன்பின் 2009-இல் மறையும்வரை அவர் உலகைச் சுற்றிவந்து கற்பித்தார். மறுபிறப்பு எடுத்த அந்த நடனம் தெருவில் பிறக்கவில்லை, வகுப்பறையில் பிறந்தது. வகுப்பறை என்றால் வாடகை உண்டு, ஆசிரியருக்கு ஊதியம் உண்டு, ஆகவே கட்டணமும் உண்டு. ஏழைகள் உருவாக்கிய ஆட்டத்துக்குள் நுழையும் வழி இப்போது விலை குறிக்கப்பட்ட ஒரு கதவின் வழியாகச் செல்கிறது. இதில் எவருடைய சதியும் இல்லை. ஆனால், அந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது.

அமெரிக்க நகரங்களில் ஒரு மணி நேரக் குழு வகுப்புக்கு 10 டாலருக்குக் குறையாமல் கேட்கிறார்கள். 15 முதல் 20 டாலர் வரை கேட்கும் இடங்கள் நிறைய. கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியமோ 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்கள் அதைவிடக் கூடுதலாக நிர்ணயித்துள்ளன என்றாலும், கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்பவருக்கு ஒரு வகுப்பு என்பது ஒன்றிரண்டு மணி நேர உழைப்பு. வகுப்பு ஒன்றோடு முடிவதும் இல்லை. ஆடத் தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ளப் பல மாதங்கள் பிடிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், அங்கே மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். வாரந்தோறும் ஒரு தேவாலயக் கூடத்தில் நடந்த லிண்டி ஹாப் வகுப்புக்கு அவள் சென்றபோது நானும் துணைக்குச் செல்வதுண்டு. ஆடும் துணிவு வரவில்லை. ஓரத்து நாற்காலியில் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி. கணினித் துறையினர், ஆராய்ச்சி மாணவர்கள், ஓய்வுபெற்ற தம்பதியர் என்று வந்தவர்களிடையே, பக்கத்துப் பேரங்காடியில் வேலை செய்த ஓர் இளம்பெண்ணும் இருந்தாள். அவளது தாளக்கட்டு மற்ற எவரையும்விட உறுதியாக இருந்தது என்பது இசையறிவு குறைந்த எனக்கே தெரிந்தது. மூன்று வாரங்களுக்குப் பிறகு அவளைக் காணவில்லை. சலுகைக் கட்டணம் இருந்தது. ஆனால், அதற்கு ஒரு படிவம் நிரப்பி, வருமானத்தைக் குறிப்பிட்டு, ஏன் சலுகை வேண்டும் என்று சில வரிகள் எழுத வேண்டும். படிவத்தை வாங்கிச் சென்றாள். திருப்பித் தரவில்லை என்று மகள் சொன்னாள். நடத்தியவர்கள் நல்லவர்கள்; அவள் வராமல் போனதற்கு உண்மையாகவே வருந்தினார்கள்.

இனி அந்தக் கணக்கைப் பார்க்கலாம். எளிமைக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு வகுப்புக்குக் கூட வாடகை 80 டாலர்; இணையராகக் கற்பிக்கும் இரு ஆசிரியர்களுக்குத் தலா 60 வீதம் 120; காப்பீடு, ஒலிபெருக்கி, விளம்பரம் எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 240 டாலர். 20 பேர் வந்தால் தலைக்கு 12 டாலர் கட்டணம் வைத்தால் வரவும் செலவும் சரி.

இந்த 240 டாலரில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுவது எது என்று தேடினால், ஏறக்குறைய எதுவும் இல்லை. இருபத்தோராவது ஆள் உள்ளே வந்தால் வாடகை கூடாது. ஆசிரியரின் ஊதியமும் கூடாது. பாட்டின் ஓசை குறையாது. பொருளியலார் சொல்லும் 'இறுதிநிலைச் செலவு' இங்கே பூச்சியத்துக்கு அருகில் இருக்கிறது. தளத்தில் 30 பேருக்கு இடம் இருந்து, 12 டாலர் கொடுக்க முடியாத, ஆனால் 4 டாலர் கொடுக்கக்கூடிய ஐந்து பேர் வாசலில் நின்றால், அவர்களைத் திருப்பி அனுப்புவது சிக்கனம் ஆகாது, வீண். உள்ளே விட்டால் வரவு 260 டாலர். செலவு அதே 240. ஏழைக்குச் சலுகை காட்டுவதால் நட்டம் என்ற எண்ணம், இடம் காலியாக இருக்கும்வரை, தவறான கணக்கு. கூடம் நிரம்பிவிட்டால் நிலைமை வேறு. அப்போது ஒருவருக்குக் கொடுக்கும் இடம் மற்றொருவரிடமிருந்து எடுத்ததாகிவிடும். ஆனால், புதியவர்களுக்கான வகுப்புகளில் நிரம்பி வழியும் நாள்கள் குறைவு.

இவ்வளவு எளிதாக இருந்தால் எல்லாரும் செய்திருப்பார்களே என்று கேட்கலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 4 டாலர் சீட்டு ஒன்று உண்டு என்று தெரிந்ததும், 12 டாலர் கொடுக்க வசதியுள்ளவர் சிலர் அதற்கு நழுவக்கூடும். அப்படி நழுவும் ஒவ்வொருவராலும் 8 டாலர் குறையும். நம் கணக்கில் மிச்சம் 20 டாலர்தான். இருவர் நழுவினால் 4 டாலர் மிஞ்சும், மூன்றாமவரும் நழுவினால் 4 டாலர் துண்டு விழும். நடத்துபவர்கள் அஞ்சுவது இதற்குத்தான். அந்த அச்சத்திலிருந்துதான் படிவமும் சான்றும் பிறக்கின்றன.

நழுவலைத் தடுக்கக் காவல் போடுவது ஒரு வழி. மேலிருந்து ஈடுகட்டுவது மற்றொரு வழி. சீட்டு விலையை 4, 12, 16 என்று மூன்றாக வைத்து, 12 என்பதே வகுப்பின் உண்மையான செலவு என்றும், 16 கொடுப்பவர் மற்றொருவரின் இடத்துக்குத் துணை நிற்கிறார் என்றும், 4 கொடுப்பவரிடம் காரணம் கேட்கப்படாது என்றும் வெளிப்படையாக எழுதிவைப்பது. மூவர் நழுவியபின்னும் நால்வர் 16 டாலர் கொடுத்தால், துண்டு விழுந்த கணக்கு 12 டாலர் மிச்சமாகிவிடும். ஸ்விங் நடனக் குழுக்கள் பலவும் இன்று பின்பற்றும் படிநிலைக் கட்டணத்தின் சாரம் இதுதான்.

வசதியுள்ளவர் தாமாகவே கூடுதலாகக் கொடுப்பாரா? யூரி கினீசியும் உடன் ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே துணைக்கு வருகிறது. பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் ராட்டின சவாரியின்போது எடுத்த புகைப்படங்களை 1,13,000-க்கும் மேற்பட்டோருக்கு வெவ்வேறு முறைகளில் விற்றுப் பார்த்தார்கள். விருப்பம்போல் கொடுங்கள் என்று மட்டும் சொன்னபோது வாங்கியவர்கள் சராசரியாக ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. விருப்பம்போல் கொடுங்கள், அதில் பாதி அறப்பணிக்குச் செல்லும் என்று சொன்னபோது சராசரி 5 டாலரைத் தாண்டியது. வாங்கியோர் எண்ணிக்கை குறைந்தாலும் மொத்த வரவு உயர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் ஒருநாள் கூடும் பூங்காவிலேயே இப்படி என்றால், வாரந்தோறும் ஒருவர் கையை ஒருவர் பற்றி ஆடும் இடத்தில் நம்பிக்கைக்கு இன்னும் வலு இருக்கும் என்பது என் கணிப்பு. ஆய்வு சொல்லும் எச்சரிக்கையும் உண்டு: உண்டியலை மட்டும் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சில்லறைதான் விழும். பணம் எதற்குப் போகிறது என்பதை எழுதிவைக்க வேண்டும்.

இலவசமாகவோ மலிவாகவோ கிடைப்பதை மக்கள் மதிக்க மாட்டார்கள் என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாதம். நடன ஆசிரியர்களும் இதைச் சொல்கிறார்கள். கென்யாவில் கருவுற்ற பெண்களுக்குக் கொசுவலை வழங்கியதை ஆராய்ந்து ஜெசிகா கோஹனும் பாஸ்கலின் டூபாவும் 2010-இல் வெளியிட்ட முடிவு இந்த வாதத்தை ஆட்டம்காணச் செய்தது. இலவசமாக இருந்ததற்கு 60 அமெரிக்க சென்ட் விலை வைத்ததும், வலை பெற்றோர் விகிதம் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்தது. இலவசமாகப் பெற்றவர்கள் அதைக் குறைவாகப் பயன்படுத்தினார்களா என்றால், இல்லை. கொசுவலை வேறு, நடனம் வேறு என்பதை அறிவேன். சும்மா கிடைக்கும் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பவர்கள் உண்டு. எனினும், வராமை மதிப்பின்மையால்தான் விளைகிறது என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டுவதற்கு முன், அவருடைய பணிநேர அட்டவணையை யார் போடுகிறார்கள் என்று கேட்பது நல்லது.

படிவத்துக்குத் திரும்புவோம். வறியவர் என்று ஒருவரை அடையாளம் காட்டச் சொல்லும் எந்த உதவியும் அவரது தன்மதிப்பைத் தொடாமல் போகாது என்று அமர்த்திய சென் வாதிட்டிருக்கிறார். அரசின் உணவு உதவிக்கே இது பொருந்தும் என்றால், மகிழ்ச்சிக்காக மட்டுமே வரும் ஓர் இடத்துக்கு எவ்வளவு பொருந்தும்! பசிக்கு முன் மானத்தை விழுங்குபவர் உண்டு. நடனத்துக்காக எவரும் அதைச் செய்ய மாட்டார். படிவம் வசதியானவரைத் தடுப்பதைவிட, உரியவரைத்தான் கூடுதலாகத் தடுக்கிறது.

ஏழைகளுக்கென்று தனி வகுப்பு நடத்தலாமே என்ற யோசனையும் அவ்வப்போது எழுகிறது. 1849-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல்ஸ் டூபுய் ரயில் பெட்டிகளைப் பற்றி எழுதியது நினைவுக்கு வருகிறது. மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டது, கூரைச் செலவை மிச்சப்படுத்துவதற்காகவோ, ஏழையை வதைப்பதற்காகவோ அன்று. இரண்டாம் வகுப்புக்குக் கட்டணம் செலுத்த வல்லவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாதபடி அச்சுறுத்துவதற்காக என்று அவர் விளக்கினார். அனுபவமில்லாத ஆசிரியர், வசதிக்குறைவான நேரம், நெருக்கடியான அறை என்று அமையும் சலுகை வகுப்பு, கூரையில்லாப் பெட்டிதான். சவாய் அப்படிச் செய்யவில்லை என்பதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். இணைநடனத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வகுப்பில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணை மாறுவது வழக்கம். எல்லாரும் எல்லாரோடும் ஆடினால்தான் கற்றல் நிகழும். பிரித்து வைத்தால் கலையே கெடும்.

உழைப்பைக் கொடுத்து வகுப்பைப் பெறும் ஏற்பாடு மிகப் பரவலானது. வாசலில் சீட்டு கொடுப்பது, நாற்காலி அடுக்குவது, முடிந்தபின் தளத்தைப் பெருக்குவது, பதிலுக்கு இலவச வகுப்பு. 1982 முதல் ஸ்வீடனின் ஹெர்ராங் சிற்றூரில் நடந்துவரும் புகழ்பெற்ற கோடை நடன முகாமே தன்னார்வலர்களின் உழைப்பில்தான் இயங்குகிறது. மாணவர்களுக்கும் நேரம் உள்ளவர்களுக்கும் இது நல்ல வழி. ஆனால், இரண்டு வேலை பார்ப்பவருக்கு இல்லாதது பணம் மட்டுமன்று, நேரமும்தான். பணம் உள்ளவர் ஆடிக்கொண்டிருக்க, இல்லாதவர் மட்டும் பெருக்கிக்கொண்டிருக்கும் காட்சி, அதுவும் இந்த நடனத்தின் வரலாற்றுக்குப் பின், எனக்கு உவப்பாக இல்லை. வேலை முறைவைத்து எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். அதைச் சலுகையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. பிராங்கி மேனிங் பெயரிலான அறக்கட்டளை போன்றவை தரும் உதவித்தொகைகள் பெரிய முகாம்களுக்குச் செல்ல உதவுகின்றன. செவ்வாய்க்கிழமை மாலை வகுப்புக்கு அவை எட்டுவதில்லை.

கட்டணத்தைக் குறைக்க மிக எளிதான வழி ஒன்று இருக்கிறது. அதை நான் ஏற்க மாட்டேன். ஆசிரியரின் ஊதியத்தில் கைவைப்பதே அது. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் ஆகிய இருவரும் 1966-இல் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரம் பற்றி எழுதிய நூலில் சுட்டிக்காட்டிய உண்மை இது: தொழிற்சாலையில் இயந்திரங்களால் உற்பத்தித் திறன் ஆண்டுக்கு ஆண்டு உயர்கிறது, நால்வர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நால்வர்தான் வாசிக்க வேண்டும், அதே நேரம்தான் ஆகும். ஆகவே கலைகளின் செலவு மற்றவற்றோடு ஒப்பிடும்போது ஏறிக்கொண்டே போகும். லிண்டி ஹாப்பின் அடிப்படைச் சுழற்சியைக் கற்றுக்கொடுக்க 1986-இல் ஆன நேரமேதான் இன்றும் ஆகிறது. ஆசிரியரின் வீட்டு வாடகையோ 1986-இல் நின்றுவிடவில்லை. நடன ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஊர் ஊராகச் சுற்றி, காப்பீடோ ஓய்வூதியமோ இன்றி வாழ்பவர்கள். அவர்களைச் சும்மா வரச்சொல்லி மாணவருக்குச் சலுகை தருவது, ஓர் ஏழையின் பையிலிருந்து எடுத்து இன்னோர் ஏழையின் பையில் போடுவது. சவாயில் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களே முதுமையில் என்ன சேர்த்து வைத்திருந்தார்கள் என்று கேட்டால் விடை இனிமையாக இராது.

கட்டணத்துக்கு அப்பால் உள்ள செலவுகளைப் பேசுவோர் குறைவு. வழுக்கும் அடிப்பாகம் கொண்ட நடனக் காலணி வேண்டும் என்று புதியவர் நினைத்துக்கொள்கிறார். சாதாரணத் துணிக்காலணி போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் ஒரு கவலை தீரும். கார் இல்லாதவருக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்பது வகுப்பின் நேரத்தைவிட முக்கியம். குழந்தையை யாரிடம் விடுவது என்பது பல பெண்களுக்கு 12 டாலரைவிடப் பெரிய தடை. கடையிலும் உணவகத்திலும் வேலை பார்ப்போருக்கு மாலை 7 மணி உழைக்கும் நேரம். ஞாயிறு பிற்பகலில் வகுப்பு வைத்தால் சிலருக்கு வழி பிறக்கும், ஒருசாராருக்குத் திங்கள் பகலில் வைத்தால் பிறக்கும். ஆறு வாரத் தொகையை மொத்தமாக முன்பணமாகக் கேட்பதும் ஒரு தடைதான். அடுத்த வாரப் பணிநேரமே தெரியாதவர் ஆறு வாரத்துக்கு எப்படி உறுதி கொடுப்பார்? சீட்டு முழுப்பருவத்துக்கு என்றில்லாமல் வாரத்துக்கு என்று இருக்கட்டும். விட்ட பாடத்தின் காணொலியைப் பார்க்க வசதி இருக்கட்டும்.

பிறருக்காக நான் ஏன் 16 டாலர் கொடுக்க வேண்டும் என்று வசதியுள்ள ஒருவர் கேட்டால், அறத்தை விட்டுவிட்டுத் தன்னலத்தை வைத்தே விடை சொல்ல முடியும். தொலைபேசி ஒருவரிடம் மட்டும் இருந்தால் அதற்குப் பயனில்லை. அடுத்தவரிடமும் இருக்க இருக்கத்தான் அதன் மதிப்பு ஏறும். இணைநடனமும் அப்படியே. என்னோடு ஆடக்கூடியவர் ஊரில் பத்துப் பேர் என்றால் என் திறமைக்குப் பத்துப் பேர் அளவே பயன். நூறு பேர் ஆனால் சனிக்கிழமை இரவுகளில் இசைக்குழுவை அழைக்க முடியும். ஆளுக்கு விழும் செலவும் குறையும். புதியவர் ஒருவர் கற்றுக்கொள்வதால் பழையவர்கள் அனைவரும் பெறும் இந்தப் 'புறவிளைவு' எந்தச் சீட்டின் விலையிலும் எழுதப்படுவதில்லை. பல நகரங்களில் சமூக நடன இரவுக்கு முன் அரை மணி நேரத் தொடக்கப் பாடத்தை நுழைவுக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள். பரம்பரை வணிகருக்குரிய கூர்மை அது.

கடைசியாக, அரசு. அமெரிக்காவில் அரசு இந்தக் கணக்கில் நெடுங்காலம் எதிர்ப்பக்கம் நின்றது. சவாய் திறந்த அதே 1926-இல் நியூயார்க் நகரம் ஒரு சட்டம் இயற்றியது. உணவோ மதுவோ விற்கும் இடத்தில் மக்கள் ஆட வேண்டுமானால் தனி உரிமம் வேண்டும் என்றது. 2017-இல்தான் அது நீக்கப்பட்டது. போர்க்காலத்தில், 1944-இல், ஆட்டம் பாட்டம் உள்ள உணவு விடுதிகளின் ரசீதுகள்மீது 30 விழுக்காடு கூட்டாட்சி வரி விதிக்கப்பட்டது. விரைவிலேயே 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டாலும், பல விடுதிகள் ஆட்டத்தைக் கைவிட்டு, உட்கார்ந்து கேட்கும் இசைக்கு மாறின. ஆடுவதை அரசாலேயே விலை உயர்ந்ததாக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

மலிவாக்கவும் அதனால் முடியும். பெரிய மானியத் திட்டம் எதுவும் வேண்டியதில்லை. நம் 240 டாலர் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு கூட வாடகை. பொதுநூலகத்தின் கூட்ட அறை, நகராட்சியின் சமூகக்கூடம், அரசுப் பள்ளியின் உள்விளையாட்டரங்கு ஆகியவற்றில் ஒன்றை வாரத்தில் ஒரு மாலை வாடகையின்றித் தந்தால், ஆசிரியரின் ஊதியத்தில் ஒரு சென்ட்டும் குறைக்காமல், 12 டாலர் 8 டாலராகிவிடும். சலுகைச் சீட்டை 2 டாலருக்கு இறக்கலாம். சில நகரங்களின் பூங்கா, பொழுதுபோக்குத் துறைகள் இதை ஏற்கெனவே செய்கின்றன. தடையாக நிற்பது பெரும்பாலும் காப்பீட்டுப் பத்திரமும், கதவைப் பூட்டும் ஊழியருக்கு இரண்டு மணி நேரக் கூடுதல் ஊதியமும்தான். அந்த ஊழியரின் கூடுதல் ஊதியத்தை நகராட்சி ஏற்றுக்கொள்வதிலிருந்து தொடங்கலாம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).